தள்ளினால் ஓடும் பொம்மை எஞ்சின்

பழைய மாடல் ரயில் எஞ்சினைத் தண்டவாளத்தில் வைத்து மின்சாரம் கொடுத்தால் இரண்டு அங்குலம் ஓடிவிட்டு நிற்கும். விரலால் லேசாகத் தள்ளினால் மறுபடி கிளம்பும். தடம் பிரியும் பாயிண்ட் வந்ததும் திரும்ப நிற்கும். முன்விளக்கு உள்ள எஞ்சினாக இருந்தால் அது சிமிட்டிச் சிமிட்டி எரியும். இதைப் பார்த்ததும் "மோட்டார் போச்சு" என்று சொல்லிப் பெட்டியில் போட்டு மூடிவிடுவதுதான் பல வீடுகளில் நடக்கிறது. பெரும்பாலும் அது அவசரத் தீர்ப்பு. மோட்டார் எரிந்துபோன எஞ்சின் தள்ளினாலும் ஓடாது. சூடாகும், கருகிய வாசனை வரும். தள்ளினால் ஓடுகிற எஞ்சினில் அநேகமாக மோட்டார் நன்றாகவே இருக்கும். அதற்கு வந்து சேர வேண்டிய மின்சாரம்தான் வழியில் எங்கோ விட்டுவிட்டு வருகிறது. எலக்ட்ரீஷியன் இதை ஒரே வார்த்தையில் லூஸ் கான்டாக்ட் என்பார்.

அந்த வழி எது என்பதை நிஜ ரயிலோடு வைத்துப் பார்த்தால் எளிதாக விளங்கும். விழுப்புரத்துக்கும் காட்பாடிக்கும் நடுவில் இருக்கிறது திருவண்ணாமலை ரயில் நிலையம். மீட்டர் கேஜ் பாதையாக இருந்து அகலப்பாதையாக மாறி, பின்னர் மின்மயமாக்கப்பட்ட தடம் இது. இங்கே வந்து நிற்கும் மின்சார எஞ்சினின் கூரையில் உள்ள பாண்டோகிராஃப், மேலே ஓடும் கம்பியிலிருந்து 25,000 வோல்ட் மாறுமின்சாரத்தை எடுக்கிறது. எஞ்சினுக்குள் வேலையை முடித்த மின்சாரம் சக்கரங்கள் வழியாகத் தண்டவாளத்தில் இறங்கித் துணைமின் நிலையத்துக்குத் திரும்புகிறது. வருவது மேலே, போவது கீழே. சென்னைக் கடற்கரை – தாம்பரம் மீட்டர் கேஜ் பாதையில் 1931இல் 1,500 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடத் தொடங்கிய ரயில்களுக்கும் இதே ஏற்பாடுதான்.

பொம்மை எஞ்சினுக்குப் பெரும்பாலும் மேல்கம்பி கிடையாது. ஒரு தண்டவாளம் பிளஸ், மற்றது மைனஸ். நடுவில் 12 வோல்ட் நேர்மின்சாரம். வருவதும் போவதும் சக்கரம் வழியாகத்தான். ஒரு பக்கச் சக்கரம் எடுப்பதை மறுபக்கச் சக்கரம் திருப்பிக் கொடுக்கிறது. இரண்டில் ஒன்று அரை நொடி தொடாமல் போனாலும் மோட்டார் நின்றுவிடும்.

எடையையும் கணக்கில் எடுக்க வேண்டும். பயணிகள் ரயில்களை இழுக்கும் டபிள்யூ.ஏ.பி.-7 எஞ்சினின் எடை 123 டன். பன்னிரண்டு சக்கரங்களுக்கும் பங்கிட்டால் ஒவ்வொன்றின் மேலும் பத்து டன்னுக்கு மேல் அழுத்தம். தூசியோ துருவோ அதற்கு முன்னால் நிற்காது. உள்ளங்கையில் அடங்கும் எஞ்சின் முந்நூறு கிராம் இருந்தால், ஆறு சக்கரங்களில் ஒன்றுக்கு ஐம்பது கிராம்தான் வரும். அந்த ஐம்பது கிராமும் சமமாக விழுவதில்லை. இறுக்கமான சட்டத்தில் பூட்டிய ஆறு சக்கரங்கள் சற்றே மேடுபள்ளமான தண்டவாளத்தில் நிற்கும்போது உண்மையில் தொடுவது மூன்றோ நாலோதான். போதாததற்கு, 25,000 வோல்ட் சிறு இடைவெளியைப் பொறியாகத் தாவிக் கடந்துவிடும். 12 வோல்ட்டுக்கு மெல்லிய எண்ணெய்ப் படலமே சுவர்.

தமிழ்நாட்டு வீடுகளில் இருக்கும் பழைய மாடல் எஞ்சின்களில் பல, லண்டனிலோ ஜெர்மனியிலோ அமெரிக்காவிலோ இருக்கும் உறவினர் கொண்டுவந்தவை: ஹார்ன்பி, ட்ரை-ஆங், லீமா, மெர்க்லின். இவற்றில் பெரும்பாலானவை 16.5 மி.மீ. அகலத் தண்டவாளத்தில் ஓடும் எச்.ஓ. (87இல் 1 பங்கு) அல்லது டபுள் ஓ (76இல் 1 பங்கு) அளவு. நம் அகலப்பாதை 1,676 மி.மீ.; அதை எச்.ஓ. அளவுக்குச் சுருக்கினால் 19 மி.மீ.க்கு மேல் வரும். அதனால்தான் இந்திய எஞ்சின்களின் மாடல்கள் தண்டவாளத்தில் நிற்கும்போது கால் ஒடுங்கினாற்போலத் தெரிகின்றன. இத்தகைய மாடல்கள் பல ஒரே அமைப்பில் சேர்ந்து ஓடுவதைப் பார்க்க வேண்டுமென்றால், புனே கோத்ரூடில் உள்ள ஜோஷி சிற்றுரு ரயில் அருங்காட்சியகம் நல்ல இடம்.

பழுது பார்க்க உட்காருமுன், கையில் இருப்பது எந்த ஏற்பாட்டைச் சேர்ந்தது என்று தெரிந்துகொள்வது அவசியம். மெர்க்லினின் எச்.ஓ. எஞ்சின்கள் மாறுமின்சாரத்தில் ஓடுபவை. தண்டவாளத்தின் நடுவில் உள்ள புள்ளிகளிலிருந்து, எஞ்சினின் அடிவயிற்றில் உள்ள நீளமான தகடு மின்சாரத்தை எடுக்கும். இரண்டு தண்டவாளங்களும் சேர்ந்தே திரும்பும் வழி. மின்சாரம் விட்டுப்போகும் தொல்லை அதில் குறைவு. ஹார்ன்பியின் டப்லோ வகை 1938இல் வந்தபோது அதற்கும் நடுவில் மூன்றாவது தண்டவாளம் இருந்தது. இரண்டு தண்டவாள முறைக்கு அது மாறியது 1959இல். மூன்று தண்டவாள எஞ்சினை இரண்டு தண்டவாளத்தில் வைத்தால், பக்கத்துக்குப் பக்கம் காப்பு இல்லாத சக்கரங்களால் ஷார்ட் ஆகிவிடும். அதைப் பழுது என்று தேடிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

இன்னொரு எச்சரிக்கை டிரான்ஸ்ஃபார்மரைப் பற்றியது. அமெரிக்காவிலிருந்து வந்த பெட்டி 120 வோல்ட்டுக்கானது. நம் வீட்டு 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் எஞ்சினை ஓட்டிப் பார்ப்பதற்குள் அது கருகிவிடும். அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படிக்காமல் எதையும் செருகக்கூடாது. ஐம்பது அறுபது வருஷப் பெட்டியில் ஒயரின் ரப்பர் உதிர்ந்திருந்தால் அதைத் திறந்து ஒக்கிடுவதை விட, 12 வோல்ட் நேர்மின்சாரம் தரும் புது கன்ட்ரோலர் ஒன்று வாங்குவதே புத்திசாலித்தனம். இதற்குப் பிறகு வரும் வேலைகளில், சால்டரிங் அயர்னைத் தவிர, எல்லாம் 12 வோல்ட்டுக்குள் நடப்பவை. ஷாக் அடிக்கும் பயம் இல்லை.

தேடல் தண்டவாளத்திலிருந்து தொடங்க வேண்டும், எஞ்சினிலிருந்து அல்ல. அதே இடத்தில் வேறு எஞ்சினும் நின்றால் குற்றம் தடத்தின்மேல். திருவண்ணாமலை போன்ற ஊரில் சித்திரை வெயிலில் மலையடிவாரப் புழுதி ஜன்னல் வழியே வந்து எல்லாவற்றின் மேலும் படியும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையின் ஈரம் பரணில் கிடக்கும் பெட்டிக்குள்ளும் புகும். பழைய இரும்புத் தண்டவாளம் துருப்பிடிக்கும், பித்தளைத் தண்டவாளம் களிம்பேறும். நிக்கல் சில்வர் எனப்படும் கலவை (பெயரில்தான் வெள்ளி, உள்ளே இருப்பவை தாமிரம், நிக்கல், துத்தநாகம்) இவற்றை விடத் தாங்கும் என்றாலும், அதன் மேலும் கறுப்புப் பிசுக்கு சேரும். பூஜை அறைக்குப் பக்கத்தில் ரயில் விரித்திருந்தால் எண்ணெய் விளக்கின் புகையும் அதோடு சேரும்.

குத்துவிளக்குக்குப் புளி போட்டுத் துலக்கிப் பழகிய கை, பித்தளைத் தண்டவாளத்துக்கும் புளியைத்தான் தேடும். வேண்டாம். புளியின் அமிலம் இணைப்புகளின் இடுக்கில் தங்கி, ஒரு மாதத்தில் முன்னைவிட மோசமான களிம்பைக் கொண்டுவரும். உப்புத்தாளும் கூடாது: அது உண்டாக்கும் நுண்கீறல்களில்தான் அடுத்த அழுக்கு குடியேறும். மருந்துக்கடையிலோ எலக்ட்ரானிக்ஸ் கடையிலோ கிடைக்கும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுத் துணியில் நனைத்துத் துடைத்தால் போதும். கைக்குத் தேய்க்கும் சானிடைசர் இதற்கு மாற்று ஆகாது. அதில் கலந்துள்ள கிளிசரினும் பசையும் படலமாகத் தங்கிவிடும். துடைத்த துணி கறுப்பாக வருவது நிற்கும் வரை துடைக்க வேண்டும். பக்கத்தில் விளக்கோ ஊதுவத்தியோ எரியக்கூடாது. இது சட்டென்று தீப்பிடிக்கும் திரவம்.

தண்டவாளத் துண்டுகளைச் சேர்க்கும் சிறு தகட்டுக் கவ்விகள் பல தடவை கழற்றி மாட்டியதில் தளர்ந்திருக்கும். குறட்டால் லேசாக அழுத்தினால் பிடிப்பு வந்துவிடும். நீளமான தடத்தில் ஒரே இடத்தில் மட்டும் மின்சாரம் கொடுத்திருந்தால் கடைசி வளைவில் வேகம் குறையும்; இன்னும் இரண்டு இடங்களில் ஒயர் கொடுத்தால் அது சரியாகும். பாயிண்ட்டின் நடுவே தண்டவாளங்கள் குறுக்கிடும் இடம் பழைய செட்டுகளில் பெரும்பாலும் பிளாஸ்டிக். குட்டையான நாலு சக்கர எஞ்சின் மெதுவாக வந்தால் அங்கே நிற்கத்தான் செய்யும். அது அழுக்கல்ல, அமைப்பின் குறை.

தடம் சுத்தமான பிறகும் எஞ்சின் நின்றால், அடுத்தது சக்கரம். எஞ்சினைத் தலைகீழாகப் பஞ்சு மேல் படுக்க வைத்து, சக்கரத்தின் ஓடும் விளிம்பை லென்ஸ் வைத்துப் பார்த்தால் உலோகத்தின் பளபளப்புக்குப் பதில் தார் பூசினாற்போல ஒரு கறுப்பு வளையம் தெரியும். சக்கரம் ஓடும்போது நடக்கும் நுண்பொறிகளும், தூசியும், அளவுக்கு மிஞ்சி ஊற்றிய எண்ணெயும் சேர்ந்து உருவாக்கியது அது. மோட்டாரோடு இணைந்த சக்கரங்களைச் சுத்தம் செய்ய ஒரு நல்ல வழி உண்டு. டிஷ்யூ பேப்பரை ஆல்கஹாலில் நனைத்துத் தண்டவாளத்தின் குறுக்கே விரித்து, எஞ்சினின் ஒரு முனைச் சக்கரங்களைக் காகிதத்தின் மேலும், மறுமுனைச் சக்கரங்களை வெறும் தண்டவாளத்தின் மேலும் வைத்துக் கையால் பிடித்துக்கொண்டு மின்சாரம் கொடுக்க வேண்டும். சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழன்று காகிதத்தில் இரண்டு கறுப்புக் கோடுகளை இழுக்கும். பிறகு எஞ்சினைத் திருப்பி வைத்து மறுமுனை. கோடு வெளுக்கும் வரை காகிதத்தை நகர்த்தி நகர்த்தி ஓட்டலாம். எல்லாச் சக்கரமும் அழுக்கடைந்து அறவே ஓடாத எஞ்சினுக்கு இது உதவாது. காது குடையும் பட்ஸை நனைத்து ஒவ்வொன்றாகத் துடைக்க வேண்டியதுதான்.

சில சக்கரங்களில் வழுக்காமல் இருக்க ரப்பர் வளையம் மாட்டியிருக்கும். ரப்பர் மின்சாரம் கடத்தாது. இழுவைக்காகப் போட்ட வளையம், மின்சாரம் எடுக்கும் சக்கரங்களின் எண்ணிக்கையைக் குறைத்துவிடுகிறது. பழைய லீமா டீசல் எஞ்சின்களில் முன் போகி (நாலு சக்கரத் தொகுதி) ஒரு தண்டவாளத்திலிருந்தும் பின் போகி மற்றதிலிருந்தும் எடுக்கும் ஏற்பாடு உண்டு. அதாவது எட்டுச் சக்கரத்தில் பாதிக்கு வேலையே இல்லை. மீதிப் பாதியிலும் ரப்பர் வளையம் வந்துவிட்டால், எஞ்சின் நின்று நின்று ஓடுவதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

சக்கரத்திலிருந்து மோட்டாருக்கு மின்சாரத்தைக் கொண்டு போவது சிறு தகடு. சக்கரத்தின் பின்முகத்தில் உரசிக்கொண்டே நிற்கும் பாஸ்பர் வெண்கலத் தகடு அது. பிக்கப் என்று பொதுவாகச் சொல்வது இதைத்தான். பழைய எஞ்சின்களின் நோயில் பெரும்பங்கு இங்கேதான். பல வருஷ உரசலில் நுனி தேய்ந்து பள்ளம் விழுந்திருக்கும், அல்லது துள்ளல் இழந்து சக்கரத்தைத் தொடாமல் நிற்கும். முதலில் நுனியில் சுற்றியிருக்கும் முடி, கம்பள நூல் எல்லாவற்றையும் இடுக்கியால் எடுக்க வேண்டும். தரையில் ஓடிய எஞ்சின் என்றால் நிச்சயம் இருக்கும். பிறகு தகட்டையும், அது உரசும் சக்கரத்தின் பின்முகத்தையும் துடைத்துவிட்டு, தகட்டைச் சக்கரத்தின் பக்கமாக மயிரிழை வளைக்க வேண்டும். எவ்வளவு என்பதைக் கையால்தான் அறிய முடியும். சக்கரத்தை அச்சின் விளையாட்டுக்குள் இடமும் வலமும் நகர்த்தினால் தகடு கூடவே வர வேண்டும். ஆனால் சக்கரத்தைச் சுற்றினால் தடை தெரியக்கூடாது. அழுத்தம் அதிகமானால் பிக்கப் பிரேக்காகிவிடும், சின்னச் சக்கரங்கள் சுழலாமல் சறுக்கும்.

தகட்டைத் தாண்டினால் பலவித வழிகள். சில எஞ்சின்களில் ஒரு பக்கச் சக்கரம் அச்சு வழியாக உலோகச் சட்டத்துக்கே மின்சாரத்தைக் கொடுக்கும். அங்கே அச்சு சுழலும் துளையில் உறைந்துபோன எண்ணெய்தான் எதிரி. நீராவி எஞ்சின் மாடல்களில் ஒரு தண்டவாளத்தை எஞ்சினும், மற்றதை நிலக்கரி சுமக்கும் டெண்டரும் எடுப்பது உண்டு. இரண்டையும் சேர்க்கும் கொக்கியே ஒயராகவும் வேலை செய்யும். அந்தக் கொக்கியும் அதன் ஊசியும் களிம்பேறியிருந்தால், நேரான தடத்தில் ஓடும் எஞ்சின் வளைவில் நிற்கும். கொக்கியைச் சுரண்டுவதோடு விடாமல் மெல்லிய, நன்றாக வளையும் ஒயர் ஒன்றை எஞ்சினுக்கும் டெண்டருக்கும் நடுவே சால்டர் வைத்துவிட்டால் அந்தத் தொல்லை திரும்ப வராது.

ஊகிப்பதை விட அளப்பது மேல். முந்நூறு நானூறு ரூபாய் மல்டிமீட்டரே போதும். பீப் ஒலிக்கும் நிலையில் வைத்து, ஒரு முள்ளை மோட்டாரின் முனையிலும் மற்றதை அந்தப் பக்கச் சக்கரங்களில் ஒவ்வொன்றாகவும் வைத்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்ற வேண்டும். ஒலி விட்டுவிட்டு வரும் சக்கரம் சிக்கிவிட்டது. ஆனால் சும்மா இருக்கும்போது நன்றாகப் பீப் அடிக்கும் இணைப்பும் சுமையேறியதும் காலை வாரிவிடலாம். அதற்கு இன்னொரு சோதனை: எஞ்சினை ஓடவிட்டபடி தண்டவாளத்தில் எத்தனை வோல்ட், மோட்டார் முனையில் எத்தனை வோல்ட் என்று பார்ப்பது. இரண்டுக்கும் வித்தியாசம் மிகக் குறைவாக இருக்க வேண்டும். இரண்டு மூன்று வோல்ட் காணாமல் போனால் அது வழியில்தான் வீணாகிறது. தண்டவாளத்திலிருந்து ஒவ்வொரு இணைப்பாக முள்ளை நகர்த்திக்கொண்டே போனால், வோல்ட் சட்டென்று விழும் இடம் பழுதின் இடம்.

மோட்டாரைத் தனியாகச் சோதிப்பதும் எளிது. 9 வோல்ட் பேட்டரியின் இரண்டு முனைகளை மோட்டாரின் கார்பன் பிடிப்பான்களில் தொட்டால் சீராகச் சுழல வேண்டும். சுழன்றால் மோட்டாரைத் தொடவே வேண்டியதில்லை. சில சமயம் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் நின்றால் மட்டும் கிளம்பாது, தள்ளினால் ஓடும். அப்படியானால் மூன்று சுருள்களில் ஒன்று அறுந்திருக்கலாம், அல்லது கார்பன்கள் உரசும் தாமிர உருளையான கம்யூட்டேட்டரின் ஒரு துண்டில் அழுக்கு மூடியிருக்கலாம். கார்பன்களை எடுத்துவிட்டு, தாமிர உருளையை நனைத்த பட்ஸால் துடைத்து, துண்டுகளுக்கு நடுவே உள்ள பிளவில் சேர்ந்த கரியைப் பல்குச்சியால் கீறி எடுக்க வேண்டும். ஊசி கூடாது, தாமிரத்தில் பிசிறு எழும்பும். கார்பன் தேய்ந்து குட்டையாகிவிட்டால் மிக்ஸி கார்பனை அரத்தில் ராவிப் போடும் வழக்கம் உண்டு. அவசரத்துக்கு ஓடும், ஆனால் குறைந்த வோல்ட் மோட்டார்கள் பலவற்றுக்குத் தாமிரம் கலந்த கார்பனே பொருத்தம்.

ட்ரை-ஆங் எஞ்சின்களில் பல வருஷம் வந்த எக்ஸ்-04 மோட்டாரில் ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். கார்பன், ஸ்பிரிங் எல்லாவற்றையும் கழற்றலாம், காந்தத்தைக் கழற்றக்கூடாது. இரும்புச் சட்டத்திலிருந்து பிரித்தெடுத்த நொடியில் அந்தக் காலத்துக் காந்தம் பலம் குன்றத் தொடங்கும். திரும்ப மாட்டிய பிறகு எஞ்சின் ஓடும், ஆனால் சூடாகும், இழுக்காது. சுத்தம் செய்கிறேன் என்று கிளம்பி நல்ல மோட்டாரைக் கெடுத்துக்கொள்ளும் வழி இது. நீராவி எஞ்சினின் பெரிய சக்கரங்களை அச்சிலிருந்து பிடுங்குவதும் அப்படித்தான்: இடது, வலது சக்கரங்கள் ஒன்றுக்கொன்று 90 பாகை திருப்பிப் பொருத்தப்பட்டவை, அது கலைந்தால் இணைப்புத் தண்டுகள் மாட்டிக்கொண்டு எஞ்சின் நொண்டும்.

தகடு உடைந்தே போயிருந்தால் புதிதாகச் செய்துகொள்ளலாம். கால் மில்லிமீட்டருக்குக் குறைவான பாஸ்பர் வெண்கலத் தகடு சிறு ஊரில் தேடினாலும் கிடைப்பது அரிது. ஆனால் அக்கூஸ்டிக் கிட்டாருக்கான பாஸ்பர் வெண்கலக் கம்பிகளை இசைக்கருவிக் கடைகளில் வாங்கலாம். தடித்த கம்பியின் மேல் சுற்றியிருக்கும் சுருளைப் பிரித்தெடுத்தால் துள்ளலுள்ள மெல்லிய கம்பி தயார். காப்புள்ள சிறு பலகைத் துண்டில் அதை சால்டர் வைத்து, பலகையை எஞ்சினின் அடியில் ஒட்டிவிட வேண்டும். 25 வாட் சால்டரிங் அயர்ன் போதும். ரேடியோ வேலைக்கான ரோசின் மட்டுமே பயன்படுத்தலாம். அமிலப் பசை இணைப்பை உள்ளுக்குள்ளேயே அரித்துவிடும். பிளாஸ்டிக் உடலைக் கழற்றி எடுத்துத் தள்ளி வைத்துவிட்டுத்தான் சால்டரைத் தொட வேண்டும்.

இந்த வேலையை ஏற்கெனவே தகடு உள்ள சக்கரங்களோடு நிறுத்த வேண்டியதில்லை. வேலையில்லாமல் உருளும் சக்கரங்களுக்கும், டெண்டருக்கும் பிக்கப் வைத்துவிட்டால் எடுக்கும் புள்ளிகள் இரட்டிப்பாகும். பழைய எஞ்சினுக்குச் செய்யக்கூடிய சீர்திருத்தங்களில் இதைவிடப் பலன் தருவது வேறில்லை. உள்ளே இடம் இருந்தால் கொஞ்சம் ஈயத் துண்டு சேர்த்து எடை கூட்டுவது அதற்கு அடுத்தது. டிஜிட்டல் முறையில் ஓட்டுபவர்கள் சிறு கெபாசிட்டர் ஒன்றைச் சேர்த்து, மின்சாரம் விட்டுப்போகும் கணத்தைக் கடத்திவிடுகிறார்கள். சாதாரண 12 வோல்ட் கன்ட்ரோலரில் அந்த வசதி இல்லை.

எல்லாம் முடிந்ததும் கியரில் ஒரு சொட்டு, அச்சு முனையில் ஊசி நுனியளவு என்று தையல் மெஷின் எண்ணெய் வைக்க வேண்டும். கம்யூட்டேட்டரில் எண்ணெய் படவே கூடாது. எண்ணெய் வழிந்தால் அது சக்கரத்துக்குப் போய், தடத்துக்குப் போய், செய்த வேலை அத்தனையும் வீண். அதன்பின் குறைந்த வேகத்தில் முன்னும் பின்னுமாகப் பதினைந்து பதினைந்து நிமிடம் ஓடவிட்டால் புதுத் தகடும் கார்பனும் படிந்துகொள்ளும். வேகமாக ஓடும் எஞ்சின் தன் வேகத்திலேயே அழுக்கைத் தாண்டிவிடும். ஊர்ந்து போகும்போது நிற்காமல் போனால்தான் பழுது தீர்ந்தது என்று பொருள்.

துத்தநாகக் கலவையில் வார்த்த சட்டம் சில எஞ்சின்களில் உப்பி, வெடித்து, பிஸ்கட் போல உதிரும். வார்க்கும்போது கலந்துவிட்ட காரீயம் போன்ற அசுத்தங்களால் வரும் இந்த நோயை ஈரக்காற்று வளர்க்கிறது. இதற்கு மருந்து இல்லை. வெடித்த சட்டத்தில் பிக்கப்பும் மோட்டாரும் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பலனில்லை. நல்ல மோட்டாரையும் சக்கரங்களையும் எடுத்து வேறு எஞ்சினுக்கு வைத்துக்கொள்வதே லாபம். சட்டம் நன்றாக இருக்கும் எஞ்சினை மழைக்காலத்தில் பரணில் போடாமல், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பையோடு மூடிய டப்பாவில் வைத்து, மாதம் ஒருமுறை எடுத்துப் பத்து நிமிடம் ஓட்டுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினை விட, பெட்டியிலேயே கிடக்கும் எஞ்சினில்தான் களிம்பு சீக்கிரம் ஏறும்.